நீலமலைச் சாரலில் ஒரு விருந்து



மணமான புதிதில் கணவனும் மனைவியும் இணைந்து ஊர் சுற்றிப் பார்க்கச் செல்வது நம் குடும்பங்களிலும் வழக்கமாகிவிட்டது. முன்பெல்லாம் கொடைக்கானலும் குற்றாலமும் போதுமானவையாக இருந்தன. இன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் இங்கிலாந்திலும் வாழ்கின்ற நம் பிள்ளைகள், விடுமுறை கிடைத்ததும் கரீபியக் கடலின் தீவுகளை நாடிச் செல்கின்றனர். அங்கே மலையுச்சியில் அமைந்த உணவகங்கள், கீழே நீலக்கடல், அந்தி வெயில், மேசைமேல் மெழுகுவர்த்தி என்று விளம்பரங்கள் அழைக்கின்றன. அந்த மேசையில் அமரும் முஸ்லிம் தம்பதியர் எதை உண்பது, எதைத் தவிர்ப்பது, எதை நினைத்துப் பார்ப்பது என்று எந்த விளம்பரமும் சொல்வதில்லை. அதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதற்காக உங்களை ஜமைக்காத் தீவுக்கு அழைத்துச் செல்கிறேன். வாருங்கள்!

மலையேறும் பாதை

கரீபியக் கடலில் கியூபாவுக்குத் தெற்கே கிடக்கும் ஜமைக்கா, ஏறத்தாழ 11,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள நாடு. அதன் பூர்வகுடிகளான தாயினோ மக்கள் இதைக் காடும் நீரும் நிறைந்த பூமி என்னும் பொருளில் சாய்மாக்கா என்று அழைத்தனர். 1494ஆம் ஆண்டு கொலம்பஸ் இங்கு வந்தார். ஸ்பானியர் ஆண்டனர். 1655இல் ஆங்கிலேயர் இத்தீவைக் கைப்பற்றினர். 1962 ஆகஸ்ட் 6 அன்று அது விடுதலை பெற்றது. தலைநகர் கிங்ஸ்டன், தென்கிழக்குக் கரையில் உள்ளது. நகரின் முதுகுப்புறத்தில் எழுந்து நிற்பதே நீலமலைத் தொடர். அதன் சிகரம் 7,402 அடி உயரமுடையது. இம்மலைத்தொடரை அடுத்துள்ள ஜான் குரோ மலைகளுடன் சேர்த்து, 2015இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தது.

கிங்ஸ்டனின் வடகிழக்கு ஓரத்தில் பாப்பீன் என்னும் சந்திப்பு உண்டு. அங்கிருந்து ஆற்றோரமாகச் செல்லும் சாலையில் சிறிது தூரம் போனால் 'கூப்பரேஜ்' என்ற இடம் வரும். பீப்பாய் செய்வோரின் பட்டறை என்பது இப்பெயரின் பொருள். நீலமலையில் விளைந்த காப்பிக்கொட்டையை மரப்பீப்பாய்களில் அடைத்து ஏற்றுமதி செய்வது வழக்கம். அப்பீப்பாய்களைச் செய்வதற்கு 19ஆம் நூற்றாண்டில் அயர்லாந்துத் தொழிலாளர் வந்தனர். அவர்கள் குடியிருந்த மலைக் கிராமம் இன்றும் 'ஐரிஷ் டவுன்' என்றே வழங்கப்படுகிறது.

கூப்பரேஜில் இடப்புறம் திரும்பினால் சாலை குறுகி, கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். நம் நாட்டைப் போலவே அங்கும் வண்டிகள் சாலையின் இடப்பக்கம் செல்கின்றன. ஆயினும் மலைப்பாதைக்குப் பழகிய உள்ளூர் ஓட்டுநரை அமர்த்திக்கொள்வதே அறிவுடைமை. மூங்கில் புதர்களும் மாமரங்களும் பெரணிச் செடிகளும் இருபுறமும் நெருங்கி நிற்கும். ஏற ஏறக் கடற்கரையின் புழுக்கம் குறைந்து குளிர் தழுவும். பிற்பகலில் மூடுபனி இறங்குவதும் உண்டு. ஆகவே சகோதரிகள் ஒரு கம்பளிச் சால்வையை எடுத்துச் செல்லுங்கள்.

ஐரிஷ் டவுனுக்கு மேலே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,100 அடி உயரத்தில் 'ஸ்ட்ராபெரி ஹில்' என்னும் புகழ்பெற்ற மலைவிடுதி அமைந்தது. அங்கிருந்த பழைய மாளிகையை 1988 செப்டம்பரில் வீசிய கில்பர்ட் சூறாவளி அழித்துவிட்டது. பின்னர் வெண்ணிற மரவீடுகளாக அது எழுப்பப்பட்டு, 1994இல் விடுதியாகத் திறக்கப்பட்டது. மலையை நோக்கிச் சென்று உணவருந்தும் வழக்கத்திற்கு ஜமைக்காவில் பேர் பெற்ற இடம் இது. இச்சாலையில் சிறிய உணவகங்களும் காப்பிக் கடைகளும் உண்டு. 2025 அக்டோபர் 28 அன்று மெலிசா என்னும் கடும் சூறாவளி இந்நாட்டைத் தாக்கி, மேற்குப் பகுதியில் பேரழிவை விளைத்தது. எனவே எந்த உணவகத்தை நாடினாலும், அது திறந்துள்ளதா, பாதை சீராக உள்ளதா என்று முன்னதாகவே கேட்டறிந்து செல்லுங்கள்.

கண்முன் விரியும் காட்சி

உணவகத்தின் திறந்த தாழ்வாரத்தில் அமர்ந்து தெற்கே பாருங்கள். மலைச்சரிவுகள் படிப்படியாக இறங்கிச் செல்கின்றன. அவற்றின் காலடியில் கிங்ஸ்டன் நகரம் பரந்து கிடக்கிறது. அதற்கப்பால் துறைமுகம். துறைமுகத்தைக் கடலிலிருந்து காக்கும் அரண்போல, பாலிசடோஸ் என்னும் மணல்திட்டு நீண்டு வளைந்திருக்கிறது. விமான நிலையம் அதன்மீதே அமைந்துள்ளது. திட்டின் முனையில் இருப்பது போர்ட் ராயல். ஒரு காலத்தில் கடற்கொள்ளையர் பொன்னைக் குவித்து, மதுவிலும் சூதிலும் மூழ்கிக் கிடந்த செல்வ நகரம் அது. 1692 ஜூன் 7 அன்று நேர்ந்த நிலநடுக்கத்தில் அதன் பெரும்பகுதி சில நிமிடங்களில் கடலுக்குள் அமிழ்ந்தது. பூமியில் பயணம் செய்து, முன்னோரின் முடிவு என்னவாயிற்று என்று பாருங்கள் என நம் திருமறை பலமுறை வலியுறுத்துகிறது. அவ்வாறு பார்ப்பதற்கேற்ற இடங்களுள் இதுவும் ஒன்று.

அந்தி நெருங்கும்போது வலப்புறத்தில் கதிரவன் சரிவான். நகரின் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏற்றப்படும். பார்க்கும் எவருடைய நாவும் 'சுப்ஹானல்லாஹ்' என்று மொழியும்.

மேசைக்கு முன்னால்

இனி உணவுக்கு வருவோம். இத்தகைய உணவகங்களில் நம்மவர் கவனிக்க வேண்டியவை மூன்று: பன்றி இறைச்சி, முறைப்படி அறுக்கப்படாத இறைச்சி, மது.

ஜமைக்காவின் புகழ்பெற்ற உணவு 'ஜெர்க்' என்பதாகும். அடிமைத்தளையை அறுத்துக்கொண்டு நீலமலைக் காடுகளுக்குள் ஓடி, ஆங்கிலேயப் படையை எதிர்த்து நின்ற மரூன் மக்களின் கைப்பக்குவம் அது. கிராம்பு, பட்டை, சாதிக்காய் மூன்றும் சேர்ந்தாற்போல மணக்கும் பைமென்டோ என்னும் காயையும், கடுங்காரமான ஸ்காட்ச் பானெட் மிளகாயையும் அரைத்துத் தடவி, பைமென்டோ மரக்கட்டையின் புகையில் இறைச்சியை வாட்டுவர். தொடக்கத்தில் இது காட்டுப்பன்றி இறைச்சியில் செய்யப்பட்டது. இன்று கோழியிலும் செய்கின்றனர். ஆனால் இரண்டையும் ஒரே கம்பித் தட்டில் வாட்டும் இடங்கள் உண்டு. 'ஸ்டூ பீஸ்' என்னும் பயற்றுக் குழம்பில் உப்பிட்ட பன்றிவால் சேர்ப்பது அங்குள்ளோர் வழக்கம். பயறுதானே என்று எண்ணி ஏமாந்துவிடாதீர்கள். பண்டிகைக் காலத்துக் கறுப்பு கேக்கில் உலர்பழங்களை ரம் மதுவில் ஊறவைத்துச் சேர்ப்பர். செந்நிற 'சாரல்' பானம், புளிச்சக்கீரைக்கு உறவான ஒரு செடியின் புல்லிதழ்களையும் இஞ்சியையும் கொதிக்க வைத்துச் செய்வது. நல்ல பானந்தான். எனினும் அதில் ரம் கலக்காமல் தரும்படி சொல்லிப் பெற வேண்டும்.

இவற்றையெல்லாம் கேட்பதற்கு நாணப்பட வேண்டா. ஜமைக்காவில் இக்கேள்வி எவருக்கும் புதிதன்று. அந்நாட்டுக் கிறிஸ்தவர்களுள் பெருந்தொகையினரான ஏழாம்நாள் அட்வென்டிஸ்ட் பிரிவினர் பன்றியையும் மதுவையும் விலக்குபவர்கள். ராஸ்தஃபாரி மக்களும் பன்றியைத் தொடுவதில்லை. 'ஐட்டல்' என்று அவர்கள் அழைக்கும் உணவு பெரும்பாலும் காய்கறியும் பயறுமாகவே இருக்கும். ஆகையால் பன்றி வேண்டா, ரம் வேண்டா என்று நீங்கள் சொன்னால் பரிமாறுபவர் வியப்படைய மாட்டார்.

நமக்கு எளிய வழி மீன். அதையும் இறைச்சி பொரித்த எண்ணெயில் பொரிக்காமல், மது சேர்ந்த சாறு ஊற்றாமல் தரச் சொல்லுங்கள். சிங்கி இறால் அங்கு விருந்துப் பண்டம். ஷாஃபிஈ மத்ஹபினருக்கு அது ஆகும். ஹனஃபி மத்ஹபினர் கடலுணவில் மீனோடு நிறுத்திக்கொள்வர். வேதக்காரர் அறுத்த இறைச்சி பற்றிய ஐயங்களை, பயணம் புறப்படுமுன் உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். மேசையில் அமர்ந்த பின் தொடங்கும் விவாதம் உணவையும் கெடுக்கும், உறவையும் கெடுக்கும்.

மது பரிமாறப்படும் விரிப்பில் அமர்வதை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். ஆகவே மதுக்கூடத்திற்கு அப்பால், ஓரமாக ஒரு மேசையை முன்கூட்டியே கேட்டுப் பெறுங்கள். இரவு விருந்தைவிடப் பிற்பகல் உணவே சிறந்தது. ஆரவாரம் குறைவு, காட்சியும் தெளிவு. அஸரைத் தொழுதுவிட்டுக் காப்பியுடன் அந்தியையும் கண்டு திரும்பலாம்.

தட்டில் இருக்கும் வரலாறு

உணவு வந்துவிட்டது. பிஸ்மில்லாஹ் சொல்வதற்கு முன் தட்டை ஒரு முறை உற்றுப் பாருங்கள்.

பொரித்த மீனின்மேல் வெங்காயமும் காரட்டும் மிளகாயும் காடியில் ஊறிக் கிடக்கின்றனவே, இதன் பெயர் 'எஸ்கோவிச்'. ஸ்பானியரின் 'எஸ்கபேச்சே' என்ற சொல்லின் திரிபு அது. அச்சொல்லோ அரபியிலிருந்து ஸ்பெயினுக்குப் போனது. அப்பாஸிய கலீஃபாக்களின் பக்தாதில் பெயர் பெற்றிருந்த 'ஸிக்பாஜ்' என்னும் காடி சேர்ந்த உணவே அதன் மூலம். பாரசீகத்தில் பிறந்து, பக்தாதில் வளர்ந்து, அந்தலூஸ் முஸ்லிம்களின் அடுக்களை வழியாக ஸ்பெயினில் நிலைத்து, பின்பு கடல் கடந்து இந்த மலையுச்சிக்கு வந்திருக்கிறது. காடியை நல்ல தொடுகறி என்று பாராட்டியவர்கள் நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் என்பதையும் நினைவுகொள்ளுங்கள்.

பக்கத்தில் இருப்பது தேங்காய்ப் பாலில் வெந்த சோறு. அதில் கலந்துள்ள 'குங்கோ பீஸ்' நம் துவரையேதான். நம் வீட்டுத் தேங்காய்ச் சோற்றை உண்டு வளர்ந்தவருக்கு அது அந்நியமாகத் தோன்றாது. 'கலலூ' என்னும் கீரை நம் தண்டுக்கீரையின் இனம். மரவள்ளிக் கிழங்கில் தட்டிய 'பம்மி' ரொட்டி தாயினோ மக்கள் விட்டுச் சென்றது. 'அக்கி' என்னும் பழம் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. அது மரத்திலேயே தானாக வெடித்துத் திறந்த பின்னரே உண்ணத்தக்கது. அதற்கு முன் பறித்தால் நஞ்சு. அதனுடன் சேர்த்துச் சமைக்கும் கருவாடு, அடிமைகளுக்கு மலிவாக உணவிடுவதற்காக வட அமெரிக்காவிலிருந்து வரவழைக்கப்பட்ட உப்பு மீன். அவ்விரண்டும் சேர்ந்ததே இன்று அந்நாட்டின் தேசிய உணவு.

ஆட்டுக்கறிக் குழம்பும் பட்டியலில் இருக்கும். அதன் கதை நம் நாட்டோடு தொடர்புடையது. அடிமை முறை ஒழிந்த பின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடிய வெள்ளையர், இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவந்தனர். முதல் கப்பல் 1845 மே 10 அன்று ஓல்டு ஹார்பர் துறையில் வந்து நின்றது. 1917 வரை ஏறத்தாழ 36,000 பேர் வந்தனர். அவர்களுள் முஸ்லிம்களும் இருந்தனர். அம்மக்களின் மசாலாவே அக்குழம்பின் மணம். இந்திய முஸ்லிம்கள் ஸ்பானிஷ் டவுன் நகரில் பள்ளிவாசல் எழுப்பினர்.

இறுதியாகக் காப்பி. யமன் நாட்டு ஸூஃபிகள் இரவு வணக்கத்திற்குக் கண் விழித்திருக்கப் பருகிய 'கஹ்வா'தான் உலகெங்கும் காப்பியாயிற்று. முன்னர் ஆங்கிலேய ஆளுநராக இருந்த நிக்கோலஸ் லாஸ் 1728இல் அதன் செடியை ஜமைக்காவுக்குக் கொண்டுவந்தார். இம்மலையின் குளிரும் மூடுபனியும் அதற்கு ஏற்றவையாக அமைந்தன. நீலமலைக் காப்பி இன்று உலகின் விலையுயர்ந்த காப்பிகளுள் ஒன்று.

இவ்வாறு தட்டில் உள்ள ஒவ்வொன்றும் ஒரு மக்கள் கூட்டத்தின் சுவடு. அவற்றுள் பல, விருப்பப்பட்டு வந்தவர்களால் வந்தவை அல்ல. சர்க்கரையையும் காப்பியையும் விளைவித்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட அடிமைகள். 1834இல் அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டபோது இச்சிறு தீவில் மட்டும் 3 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அடிமைகளாக இருந்தனர்.

அவர்களுள் நம்மவரும் இருந்தனர்

வாசக நேயர்களே! அந்த அடிமைகளுள் கலிமாச் சொன்ன முஸ்லிம்களும் இருந்தனர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அபூபக்கர் ஸித்தீக் என்பவர் 1790 அளவில் திம்புக்துவில் பிறந்தார். ஜென்னே நகரில் வளர்ந்தார். குர்ஆன் ஓதிக் கல்வி பயின்றுவந்த இளம் பருவத்தில் ஒரு போரில் பிடிபட்டார். கடற்கரைக்கு நடத்திச் செல்லப்பட்டு, ஆங்கிலேயக் கப்பலில் விற்கப்பட்டு, ஜமைக்கா வந்து சேர்ந்தார். அவருக்கு எட்வர்ட் டான்லன் என்று வேறு பெயர் சூட்டினர். ஏறத்தாழ 30 ஆண்டுகள் அடிமையாக உழைத்தார். அந்நிலையிலும் அவர் அரபி எழுத்தை மறக்கவில்லை. எசமானரின் கணக்குகளை ஆங்கிலச் சொற்களாகவே, ஆனால் அரபி எழுத்துகளில் எழுதி வைத்தார். அடிமை ஒழிப்புச் சட்டத்தைச் செயற்படுத்த வந்த ரிச்சர்ட் மேடன் என்ற அயர்லாந்து மருத்துவர் அவரது புலமையைக் கண்டு வியந்தார். அவர் விடுதலை பெறவும் பாடுபட்டார்.

தாழ்வாரத்திலிருந்து கீழே தெரிகிறதே கிங்ஸ்டன், அந்நகரில்தான் 1834இல் அபூபக்கர் தம் வாழ்க்கை வரலாற்றை அரபியில் எழுதினார். அதில் தம் பெற்றோரின் மார்க்கத்தைப் பற்றிக் கூறுகிறார். அவர்கள் ஐவேளை தொழுபவர்கள், ரமளானில் நோன்பு நோற்பவர்கள், ஹிஜாஸுக்குப் பயணம் செய்பவர்கள் என்கிறார். அத்துடன் நில்லாது, தாங்களே அறுத்த இறைச்சியையன்றி வேறு இறைச்சியை அவர்கள் உண்பதில்லை என்றும், மதுவை அருவருப்பாகக் கருதித் தொடுவதில்லை என்றும் பதிவு செய்கிறார். தாயையும் ஊரையும் பிரிந்து, பெயரையும் இழந்து, ரம் மது ஆறாக ஓடிய தீவில் 30 ஆண்டுகள் வாழ்ந்த மனிதர் மறவாமல் எழுதிய செய்தி இது! சற்று முன் பரிமாறுபவரிடம் நாம் கேட்கத் தயங்கினோமே, அதே செய்தி!

மற்றொருவர் முஹம்மது கபா ஸகனூகு. மேற்கு ஆப்பிரிக்காவில் ஆலிம்கள் நிறைந்த குடும்பத்தில் பிறந்தவர். 1777 அளவில் ஜமைக்காவுக்குக் கொண்டுவரப்பட்டார். மான்செஸ்டர் மாவட்டத்தில் ஸ்பைஸ் குரோவ் என்னும் தோட்டத்தில் அடிமையாக்கப்பட்டார். பாதிரிமார் அவருக்கு ஞானஸ்நானம் செய்து ராபர்ட் எனப் பெயரிட்டனர். அவரோ 1820 அளவில், இளமையில் ஓதியவற்றின் நினைவைக் கொண்டே, தொழுகை பற்றிய நூலொன்றை அரபியில் எழுதினார். 'கிதாபுஸ் ஸலாத்' என்று இன்று குறிப்பிடப்படும் அக்கையெழுத்துப் பிரதி அழியாமல் கிடைத்திருக்கிறது. அவரும் அபூபக்கரும் 1834இல் ஒருவருக்கொருவர் அரபியில் மடல் எழுதிக்கொண்டனர்.

எண்ணிப் பாருங்கள். அங்கே பள்ளிவாசல் இல்லை. மத்ரஸா இல்லை. பாங்கோசை இல்லை. கையில் கிதாபு இல்லை. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலான அடிமை வாழ்வுக்குப் பின்னும், தொழுகையின் சட்டங்களை நெஞ்சிலிருந்து எடுத்து ஏட்டில் வைத்தார் ஒருவர். யாருக்காக எழுதினார்? தம்மைப் போல் நாதியற்றுக் கிடந்தவர்கள் எப்படித் தொழுவது என்பதை மறந்துவிடக் கூடாதே என்பதற்காக அன்றி வேறு எதற்காக இருக்க முடியும்?

ஆயினும் அச்சங்கிலி அறுந்துவிட்டது. அடிமைச் சந்தையில் தாய் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம் என விற்கப்பட்ட நாட்டில், தீனைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க வீடு என்ற ஒன்று இல்லாமற் போயிற்று. கபாவின் ஏடு மிஞ்சியது. அதைப் பின்பற்றித் தொழும் சந்ததி மிஞ்சவில்லை. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஜமைக்காவில் முஸ்லிம்கள் எனப் பதிந்துகொண்டவர்கள் சுமார் 1,500 பேர். அவர்களுள் பலர் புதிதாகத் தீனுக்கு வந்தவர்கள். மீண்டும் தளிர் விட்டிருக்கிறது, அல்ஹம்து லில்லாஹ்! கிங்ஸ்டனில் கேம்ப் ரோட்டில் ஜமைக்கா இஸ்லாமியப் பேரவையின் பள்ளிவாசல் இருக்கிறது. உங்கள் பயணம் வெள்ளிக்கிழமையை உள்ளடக்கியதாயின், ஜும்ஆவுக்கு அங்கு செல்லுங்கள். ஹலால் இறைச்சி எங்கே கிடைக்கும் என்பதையும் அங்குள்ள சகோதரர்களிடமே கேட்டறியலாம்.

மலையில் மஃரிப்

இதோ கதிரவன் மறைகிறான். டிசம்பரில் மாலை 5.30 மணியளவிலும் ஜூனில் 6.45 மணியளவிலும் அங்கு அந்தி சாயும். வெப்ப மண்டலமாதலால் அந்தியொளி நெடுநேரம் நில்லாது. விரைவில் இருண்டுவிடும். எனவே மஃரிபை நாளை என்பதுபோல் ஒத்திப்போட இடமில்லை. பயணியாக இருப்பினும் மஃரிபின் மூன்று ரக்அத்திற்குச் சுருக்கம் கிடையாது என்பதை நீங்கள் அறிவீர்கள். தோட்டத்தில் ஓர் ஓரத்தை உணவகத்தாரிடம் கேட்டால் மறுக்கமாட்டார்கள். ஒளுவுடன் செல்வதும், ஒரு சிறு விரிப்பைக் கையோடு கொண்டு செல்வதும் நலம்.

இங்கே ஒரு புதுமையைக் கவனியுங்கள். தமிழகத்தில் நாம் மஃரிபுக்கு நிற்கும்போது சூரியன் மறையும் மேற்குத் திசையே நமக்குக் கிப்லாவாக இருக்கிறது. ஜமைக்காவிலோ கிப்லா கிழக்குக்கும் வடக்குக்கும் இடையில், கிழக்கிலிருந்து வடக்காக ஏறத்தாழ 30 பாகை சாய்ந்து அமைகிறது. விளம்பரங்கள் புகழும் அந்தி வானத்திற்கு முதுகைக் காட்டி, இருளத் தொடங்கிய நீலமலையை நோக்கித்தான் நீங்கள் தக்பீர் கட்ட வேண்டும். அந்தியின் அழகு அத்தனையும் பின்னால் இருக்கும். அதைப் படைத்தவன் திருமுன் நீங்கள் நிற்பீர்கள்.

அங்கே மாலை 6 மணியாகும்போது இங்கே மறுநாள் அதிகாலை 4.30. உங்கள் வாப்பாவும் உம்மாவும் தஹஜ்ஜுதுக்கு எழுந்து உங்களுக்காகத் துஆக் கேட்டுக்கொண்டிருக்கும் நேரம். நீங்கள் அங்கே ஸலாம் கொடுக்கும்போது இங்கே அவர்கள் கையேந்தியிருக்கக் கூடும். இந்தத் தொடர் நம் காலத்தில் அறுந்துவிடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

அன்பும் வணக்கமும்

கணவனும் மனைவியும் தனித்து மகிழ்ந்திருப்பதை இஸ்லாம் வெறுக்கிறது என்று எவரும் எண்ண வேண்டா. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடி மகிழ்ந்தவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். மனைவியின் வாயில் கணவன் ஊட்டும் ஒரு கவளத்திற்கும் இறைவனிடம் நற்கூலி உண்டு என்ற கருத்தை ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரலி) அவர்களிடம் கூறியவர்களும் அவர்களே. ஆகவே நீலமலையின் தாழ்வாரத்தில் ஒருவருக்கொருவர் ஊட்டி மகிழுங்கள். அதுவும் நன்மையே.

ஆனால் அக்கவளம் ஹலாலாக இருக்கட்டும். அதற்கான செலவு கடன் வாங்கிச் செய்யும் ஆடம்பரமாக இல்லாதிருக்கட்டும். பரிமாறுபவருக்கு இன்முகமும், இயன்ற அளவு அன்பளிப்பும் கிடைக்கட்டும். அடிமைகளின் பேரப்பிள்ளைகள் அவர்கள். தட்டில் மிச்சம் வைக்காதீர்கள். பசித்துக் கிடந்தவர்களின் மண் அது.

ஒரே கரும்பிலிருந்து சர்க்கரையும் வருகிறது, ரம்மும் வருகிறது. ஒரே விடுமுறையிலிருந்து நன்றியுணர்வும் பிறக்கலாம், மறதியும் பிறக்கலாம். எதை எடுத்துக்கொள்வது என்பது மனிதனின் தேர்வு. அபூபக்கருக்கும் கபாவுக்கும் என்ன உண்பது, எங்கே வாழ்வது, யாருடன் அமர்வது என்று தேர்ந்துகொள்ளும் உரிமை இருக்கவில்லை. அந்நிலையிலும் நெஞ்சில் ஹலாலையும் தொழுகையையும் காத்தார்கள். நமக்கோ எல்லாவற்றையும் தேர்ந்துகொள்ளும் உரிமையை அல்லாஹ் வழங்கியிருக்கிறான். ஊர் எல்லையைத் தாண்டியதும் நம்மில் சிலர் முதலில் விட்டுவிடுவது தொழுகையை அல்லவா?

எனவே, பயணம் செல்லும் இளம் தம்பதியரே! போய் வாருங்கள். படைத்தவனின் கைவண்ணத்தைக் கண் நிறையப் பாருங்கள். திரும்பி வந்தபின், நிழற்படங்களைக் காட்டும்போது, உங்கள் தம்பி தங்கையருக்கும், நாளை பிறக்கும் பிள்ளைகளுக்கும் ஏட்டில் தொழுகையை எழுதி வைத்த அந்த அடிமையின் கதையையும் சொல்லுங்கள். யாருக்கென்று அறியாமலே அவர் எழுதி வைத்த பாடத்திற்கு, உங்கள் பிள்ளைகளேனும் மாணவராகட்டும்.

அந்நிய மண்ணில் பெயரற்று அடங்கிப்போன அந்த ஈமான்தாரிகளின் மண்ணறைகளை எல்லாம் வல்ல இறைவன் ஒளிமயமாக்குவானாக! நம் பயணங்களையும் நம் உணவையும் தூய்மையாக்கி, நம் சந்ததியைத் தொழுகையாளிகளாக ஆக்குவானாக! ஆமீன்.